தூக்குற வைஸ்

குன்னூரில் ஒரு பழைய இரும்புக் கடைக்குள் போனால் தேயிலைத் தொழிற்சாலைகளின் வரலாற்றை கிலோ கணக்கில் வாங்கலாம். சி.டி.சி. ரோலர்களின் பற்கள் சீக்கிரம் மழுங்கும். கழற்றி எடுத்து, திரும்பத் திரும்பக் கூர் பிடிக்கணும். அதனாலேயே இந்த மலையில் லேத், மில்லிங் தெரிந்த பட்டறைகள் உண்டு. பட்டறை ஒன்று மூடினால் சாமான்கள் இந்தக் கடைக்கு வந்து சேரும். போன வருஷம் எனக்கு அப்படிக் கிடைத்தது ஒரு நாலு இஞ்ச் மெஷின் வைஸ்.

பெஞ்ச் வைஸ் வேறு, இது வேறு. பெஞ்ச் வைஸ் இறுக்கிப் பிடித்தால் போதும். மெஷின் வைஸ் டிரில்லிங், மில்லிங் மேஜைமேல் போல்ட் போட்டு உட்காரும். அதன் அடிப்பாகம், படுகை, நிலையான தாடை மூன்றும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால்தான் அதில் பிடித்து வெட்டுகிற பொருளும் சரியாக வரும்.

இது தெரிந்தும் நான் முதலில் செய்தது துரு எடுக்கிற வேலைதான். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். வைஸுக்கு நெகட்டிவ், பழைய இரும்புத் தகட்டுக்குப் பாசிட்டிவ். (எவர்சில்வர் தகடு கூடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் விஷமாகக் கரையும். உப்பும் போடக் கூடாது. ஹைட்ரஜன் வரும் என்பதால் வாளி வெளியில்தான் இருக்கணும்.) ஒரு ராத்திரியில் துரு கறுப்பு மாவாகி, பிரஷ் பட்டதும் உதிர்ந்தது. கழுவி அடுப்படியில் காய வைப்பதற்குள் பனிமூட்டம் உள்ளே வந்துவிட்டது. பத்தே நிமிஷத்தில் மறுபடி செம்மஞ்சள் படலம்! இரண்டாவது தடவை கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவினேன். பிறகு பச்சை பெயிண்ட். இரண்டு வாரம் போனது, பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணனின் கவாத்து மெஷினுக்கு அலுமினியத்தில் ஒரு பிராக்கெட் கேட்டிருந்தார். அதுதான் முதல் வேலை. மேல் முகம் சாய்வாக வந்தது. திருப்பி வைத்து வெட்டினேன், இன்னும் மோசம். கட்டை வீண், அவருக்கு ஒரு வாரக் கவாத்தும் போச்சு.

ஓய்வு பெற்ற ஒரு டர்னர் ஐயாவிடம் வைஸைக் கொண்டுபோனேன். இறுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது தூக்குது. அதான் தூக்கிப் போட்டுட்டாங்க."

விஷயம் இதுதான். ஸ்க்ரூ தள்ளுவது கீழே. பொருள் எதிர்த்துத் தள்ளுவது மேலே. ஒரு பீரோவை நீங்கள் அடியில் தள்ள, எதிரில் ஒருவர் மேலே கை வைத்து எதிர்த்துத் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்: பீரோ உங்கள் பக்கம் சாயும், அவர் பக்கத்துக் கால்கள் தரையை விட்டு எழும்பும். நகரும் தாடையும் அப்படித்தான். அது எழும்பும்போது பொருளையும் கூட்டிக்கொண்டு எழும்பும். இதைத் தடுக்கத்தான் தாடையின் அடியில் ஒரு பிளேட் படுகையைக் கீழிருந்து கவ்விக்கொண்டிருக்கிறது. தேய்மானத்தால் அந்தக் கவ்வல் தளர்ந்திருந்தது. டயல் கேஜ் வைத்து இறுக்கினேன்: 0.35 மி.மீ. நான் பெயிண்ட் அடித்த இடம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

வைத்தியம் சுலபம், பொறுமைதான் வேணும். பிளேட் உட்காரும் மேட்டைத் தேய்த்துக் குறைத்தால் பிளேட் மேலே ஏறி, இடைவெளி குறையும். தடித்த கண்ணாடிமேல் 220 நம்பர் எமரி ஒட்டி, பத்து தேய்ப்புக்கு ஒரு தடவை பூட்டிப் பார்த்தேன். தட்டையான பரப்பை இன்னொரு தட்டைப் பரப்பில் ஒப்பிட்டுத்தான் உண்டாக்க முடியும். 1840-இல் ஜோசப் விட்வொர்த் விளக்கிய முறையில் மூன்று தட்டுகளை மாறி மாறி ஒப்பிட்டுச் சுரண்டுவார்கள். நமக்குக் கண்ணாடிக் கடையே போதும்.

கடைசியில் அவசரப்பட்டேன், தாடை சிக்கிக்கொண்டது. 0.05 ஷிம் ஒன்று வைத்ததும் விட்டது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கு: படுகை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. அதிகம் புழங்கிய இடம் மெலிந்திருக்கும். அங்கே அளவு பார்த்து இறுக்கினால், தேயாத கோடியில் தாடை நகராது. அதனால் தடித்த இடத்துக்குத்தான் அளவு வைக்கணும், நடுவில் மிஞ்சுகிற ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போது தூக்கல் 0.06. இறுக்கிய பிறகு பொருளை ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் அதுவும் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும்.

ஸ்க்ரூவில் கால் சுற்று ஆட்டம் இருக்கு. நட்டை மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை. வைஸ் ஒரே திசையில்தான் இறுக்குகிறது, அந்த ஆட்டத்தால் வேலை கெடாது.

அண்ணனுக்கு இரண்டாவது பிராக்கெட் கொடுத்தாச்சு. வைஸ் இப்போது ஷெட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது, உள்ளே ஒரு 15 வாட் குண்டு பல்பு எரிகிறது. பூஞ்சணத்துக்குப் பயந்து பீரோவுக்குள் பல்பு போடுவோமே, அதே யோசனைதான். பச்சை பெயிண்ட் மட்டும் அடிப்பக்கம் உரிய ஆரம்பித்துவிட்டது.