ஈ.டி. திரைப்படத்தின் மறுவெளியீடுகள்

ஈ.டி. என்பது ஸ்டீவன் ஸ்பில்பேர்க் இயக்கத்தில் 1982 ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆங்கிலத் திரைப்படம் ஆகும். தன் கூட்டத்தாரைப் பிரிந்து பூமியில் தனித்து விடப்பட்ட வேற்றுலக உயிரி ஒன்றுக்கும், எலியட் என்னும் சிறுவனுக்கும் இடையிலான நட்பே இதன் கதை. இப்படம் 1985, 2002, 2022 ஆகிய ஆண்டுகளில் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. சிறு வயதில் இதனைக் கண்டவர்கள் வளர்ந்தபின் பெரிய திரையில் மறுபடியும் காண 2002 ஆம் ஆண்டு வெளியீடு வழிவகுத்தது. ஆனால் அன்று திரையிடப்பட்டது அவர்கள் முன்னர் கண்ட அதே படம் அன்று.

பின்னணி

இப்படத்தின் வீடியோ நாடா 1988 ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்தது. அதுவரை ஆறு ஆண்டுகள், திரையரங்கில் கண்டதை நினைவில் வைத்திருப்பதைத் தவிர முறையான வேறு வழி இருக்கவில்லை. பின்னர் நாடா வழியாகத் தொலைக்காட்சியில் கண்ட தலைமுறைக்கோ பெரிய திரை அனுபவம் கிட்டவில்லை. இருண்ட காடு, கைவிளக்குகளின் ஒளிக்கற்றைகள், பொம்மைகள் நிறைந்த அலமாரி அறை என ஒளிப்பதிவாளர் ஆலன் டேவியோ படமாக்கிய காட்சிகள் பல குறைந்த வெளிச்சத்தில் அமைந்தவை. சிறிய திரையில் இவற்றின் நுட்பம் பெரிதும் மறைந்துவிடும்.

குழந்தையின் பார்வை உயரம்

படத்தின் பெரும்பகுதியில் ஒளிப்படக்கருவி சிறுவர்களின் கண் உயரத்தில் வைக்கப்பட்டுள்ளது. தாயைத் தவிரப் பிற பெரியவர்களின் முகங்கள் நெடுநேரம் காட்டப்படுவதில்லை. தேடிவரும் அதிகாரி ஒருவர் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தால் மட்டுமே அடையாளம் காணப்படுகிறார். சிறுவராகப் பார்த்தவர்கள் எலியட்டின் பக்கம் நின்றே பார்த்தனர். வளர்ந்தபின் பார்ப்பவர்களின் கண்ணில் அந்தத் தாயும் படுகிறாள். கணவன் பிரிந்து மெக்சிக்கோவுக்குச் சென்றுவிட்ட செய்தியை எலியட் உணவு மேசையில் சொல்லிவிட, அவள் கலங்கி எழுந்து செல்லும் காட்சி இதற்குத் தக்க சான்று. ஸ்பில்பேர்க்கின் பெற்றோரும் மணமுறிவு பெற்றவர்களே. அக்காலத்தில் அவர் கற்பனை செய்துகொண்ட தோழனே இக்கதையின் வித்து.

2002 ஆம் ஆண்டுப் பதிப்பு

இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2002 மார்ச் 22 அன்று மாற்றியமைக்கப்பட்ட பதிப்பு வெளியானது. கார்லோ ராம்பால்டி உருவாக்கிய எந்திரப் பொம்மையின் முகபாவங்கள் சில இடங்களில் கணினி வரைகலையால் மாற்றப்பட்டன. முன்னர் நீக்கப்பட்டிருந்த குளியலறைக் காட்சி சேர்க்கப்பட்டது. சிறுவர்களைத் துரத்துவோரின் கைகளிலிருந்த துப்பாக்கிகள் அழிக்கப்பட்டு வாக்கி-டாக்கிகள் வரையப்பட்டன. தாயின் உரையாடலில் வந்த "பயங்கரவாதி" என்ற சொல் "ஹிப்பி" என மாற்றப்பட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்கள் நடந்து அப்போது ஆறு மாதங்களே ஆகியிருந்தன.

இவற்றுள் துப்பாக்கி நீக்கமே மிகுந்த விமர்சனத்துக்கு உள்ளானது. மிதிவண்டிகள் வானில் எழும்பும் கணத்தின் விடுதலை உணர்வுக்கு, அதற்குமுன் எழும் அச்சமே அடிப்படை. வாக்கி-டாக்கி அவ்வச்சத்தைத் தருவதில்லை. பொம்மையின் தடுமாற்றமான அசைவுகளும் குறையாகத் தோன்றலாம். ஆயினும் நடித்த சிறுவர்கள் தம் எதிரே கண்டு பேசியது அந்தப் பொம்மையிடம்தான்.

மாற்றப்படாத பகுதி இசையாகும். இறுதித் துரத்தலுக்கான இசையைக் காட்சியின் வேகத்துக்குச் சரியாகப் பொருத்துவது ஜான் வில்லியம்சுக்குக் கடினமாக இருந்தது. ஸ்பில்பேர்க் திரையில் ஓடிய படத்தை நிறுத்தச் சொல்லி, கச்சேரியில் போலத் தடையின்றி இசைக்கச் செய்தார். பின்னர் அவ்விசைக்கு ஏற்பக் காட்சிகளை வெட்டி ஒட்டினார். திரைத்துறையில் பொதுவாக நடப்பது இதற்கு நேர்மாறானது. 2002 மார்ச் 16 அன்று லாஸ் ஏஞ்சலசில் நடந்த சிறப்புத் திரையிடலில் வில்லியம்ஸ் சேர்ந்திசைக் குழுவை நேரடியாக நடத்திப் படம் முழுவதற்கும் இசை வழங்கினார்.

மூலப் பதிப்பின் மீள்வருகை

ஸ்பில்பேர்க் பின்னாளில் தம் மாற்றங்களுக்காக வருந்தினார். ஒரு படம் எடுக்கப்பட்ட காலத்தின் அடையாளமாக இருப்பதால் அதனைத் திருத்தக்கூடாது என்ற கருத்தை 2023 ஆம் ஆண்டிலும் வெளியிட்டார். 2012 இல் வெளியான புளூ-ரே வட்டில் 1982 ஆம் ஆண்டுப் பதிப்பே இடம்பெற்றது. நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2022 ஆகஸ்ட் 12 அன்று ஐமாக்ஸ் திரைகளில் வெளியானதும் துப்பாக்கிகளுடன் கூடிய அதே மூலப் பதிப்பே.