வல்லாரையா, நீர்ப்பிரம்மியா?

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

சென்ற மார்கழியில் ஒரு நாள், அறுபது ஆண்டுகளாகத் திருவரங்கத்தில் வாழும் என் பாட்டி, ரங்கா ரங்கா கோபுர வாசலில் வீட்டிற்கு வழி தெரியாமல் நின்றுவிட்டார். மறுநாளே மாமா, திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு கட்டு வல்லாரைக் கீரையும், மருந்துக் கடையில் ‘பிராமி’ மாத்திரையும் வாங்கி வந்தார். “நீதான் தாவரவியல் படிக்கிறாயே, எதைக் கொடுக்கலாம், சொல்லப்பா!” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. பிறகு படித்தறிந்ததை இங்கே தருகிறேன்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. ‘பிராமி’ என்னும் பெயர் இரு செடிகளுக்கு வழங்குகிறது. வல்லாரை கொத்துமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது; வட்டமான இலை. நீர்ப்பிரம்மி முற்றிலும் வேறு குடும்பம். ஈர நிலத்தில் படரும், சிறிய தடித்த இலை. இதிலுள்ள ‘பக்கோசைடு’ என்னும் சேர்மங்களை இலட்சுமணபுரி மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் 1960-களில் பிரித்தெடுத்தனர்.

சான்று என்ன? 2001-இல் ஆஸ்திரேலியாவில் உடல்நலமுள்ள 46 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் நாள்தோறும் 300 மில்லிகிராம் நீர்ப்பிரம்மிச் சாறு உட்கொண்டனர். மற்றவர் மருந்தில்லாத வெற்று மாத்திரை உட்கொண்டனர். ஐந்து வாரத்தில் பயன் தெரியவில்லை. பன்னிரண்டு வாரத்தில் கற்கும் வேகமும் நினைவும் ஓரளவு கூடின. ஆகவே, தேர்வுக்கு முந்திய வாரம் விழுங்கிப் பயனில்லை, நண்பர்களே! மறதி நோயை இது குணப்படுத்தும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. வல்லாரைக்கோ, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு மதிப்பீடு, நினைவாற்றலில் தெளிவான பயன் காணவில்லை.

மூலிகை என்றாலே தீங்கற்றது என்பதும் சரியன்று. நீர்ப்பிரம்மி சிலருக்குக் குமட்டல், வயிற்றுவலி, பேதி தரும். சாக்கடை கலக்கும் வாய்க்கால் ஓரங்களில் அதைப் பறிக்கவே கூடாது. நீரிலுள்ள காட்மியம் போன்ற உலோகங்களை அது உறிஞ்சித் தேக்கிவைக்கும். வல்லாரை மாத்திரை உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகவும் மருத்துவ ஏடுகளில் பதிவுண்டு. வேறு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கலாகாது. புட்டியில் ‘பிராமி’ என்றிருந்தால் போதாது. தாவரவியற் பெயரையும் பாருங்கள். ‘பக்கோப்பா மொன்னியரி’ எனில் நீர்ப்பிரம்மி; ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’ எனில் வல்லாரை.

பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தச் சோதனையில் வைட்டமின் பி12 குறைவு தெரிந்தது. மறதிக்கு இதுவும் ஒரு காரணமாகலாம், இதை ஊசியால் ஈடுசெய்ய முடியும் என்றார் மருத்துவர். மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால் இது தெரியாமலே மாதங்கள் கழிந்திருக்கும். இப்போது ஊசி போட்டு வருகிறோம்; கோயிலுக்கு நானும் உடன் செல்கிறேன்.

மாத்திரைப் புட்டி இன்னும் திறக்கப்படவில்லை. வல்லாரையை அன்றே துவையல் அரைத்து எல்லாரும் உண்டோம். கீரை கீரைதான்; மருந்தென்றால் சான்று வேண்டும்.