உங்களுக்குத் தெரியுமா? சர்வரின் போர்ட் எண்ணை மாற்றும் முன்…

சர்வரை இருந்த இடத்திலிருந்தே நிர்வகிக்க உதவும் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு டீஃபால்ட் போர்ட் எண்ணோடுதான் வருகிறது. வெப்மின் 10000, காக்பிட் 9090, சிபேனல் 2083, பிளெஸ்க் 8443, டைரக்ட்அட்மின் 2222. “முதல் வேலையாக அதை மாத்திடு” என்பது சர்வர் அறைகளில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் பாடம். மாற்றுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

● போர்ட் எண்கள் 0 முதல் 65535 வரைதான். 16 பிட்டுக்குள் அடங்குவது அவ்வளவே. இவற்றில் 1023 வரை உள்ளவற்றை லினக்ஸில் சாதாரணப் பயனரின் நிரல் பிடிக்க முடியாது. ரூட் அனுமதி வேண்டும்.

● எஸ்எஸ்ஹெச்சுக்கு 22 கிடைத்தது எப்படி? 1995ல், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட்டு இலோனன் அதை எழுதியபோது, எஃப்டிபி 21ஐயும் டெல்நெட் 23ஐயும் வைத்திருந்தன. நடுவில் இருந்த 22 காலி. எண்களைப் பதிவுசெய்யும் ஐயானா அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். மறுநாளே கொடுத்துவிட்டார்கள்!

● வெப்மினை ஜேமி கேமரூன் 1997ல் வெளியிட்டார். அது உட்கார்ந்திருக்கும் 10000, ஐயானா பதிவேட்டில் என்டிஎம்பி என்ற பேக்கப் நெறிமுறையின் பெயரில் இருக்கிறது. ஒரே சர்வரில் இரண்டையும் ஓட்டினால், முதலில் எழுந்தவருக்கே இடம். போர்ட்டை மாற்ற இதைவிட நியாயமான காரணம் வேண்டாம்.

● அதே வெப்மினில் பலர் தவறவிடும் இடம் ஒன்று: மினிசர்வ் கன்ஃபிக் ஃபைலில் ‘போர்ட்’ என்ற வரியை மாற்றிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். அதே ஃபைலில் ‘லிசன்’ என்று இன்னொரு வரி இருக்கும். நெட்வொர்க்கில் உள்ள மற்ற வெப்மின் சர்வர்கள் இந்தச் சர்வரைக் கண்டுபிடிப்பதற்கான யுடிபி எண் அது. அதைத் தொடாவிட்டால் 10000 என்ற எண்ணில் சர்வர் இன்னமும் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

● காக்பிட்டின் கன்ஃபிக் ஃபைலில் எவ்வளவு தேடினாலும் போர்ட் எண் கிடைக்காது. அந்த எண் சிஸ்டம்டியின் சாக்கெட் யூனிட்டிடம் இருக்கிறது. அங்கே புதிய எண்ணை எழுதும் முன், எண்ணே இல்லாமல் ‘லிசன்ஸ்ட்ரீம்=’ என்று ஒரு வெற்று வரி போட வேண்டும். பழைய எண்ணை அழிப்பது அந்த வரிதான். அதை விட்டுவிட்டால் 9090, புதிய எண் இரண்டுமே திறந்திருக்கும். மாற்றியவர் ஒன்றை மூடிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். ஃபெடோரா, ரெட் ஹாட் போன்றவற்றில் இன்னொரு காவலரும் உண்டு. எஸ்இலினக்ஸிடம் “இந்த எண் காக்பிட்டுக்கானது” என்று பதிவுசெய்யாமல் ரீஸ்டார்ட் செய்தால், அனுமதி இல்லை என்று மறுத்துவிடும். அந்தச் சமயத்தில் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுபவர்கள் ஏராளம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரே ஒரு கட்டளையில் முடிகிற வேலை அது.

● சர்வர்களைக் கண்காணிக்கும் புரோமிதியஸின் டீஃபால்ட் எண்ணும் 9090தான். காக்பிட்டோடு ஒரே சர்வரில் ஓட்டினால் இரண்டும் மோதும்.

● மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் புராக்ஸ்மாக்ஸின் 8006ஐ மாற்ற அதில் அமைப்பே கிடையாது. வேறு எண் வேண்டுமென்றால் முன்னால் ஒரு என்ஜின்எக்ஸை வைத்து அதன் வழியாகத் திருப்பிவிடலாம்.

● நினைவில் வைக்க எளிது என்று 10080ஐத் தேர்ந்தெடுத்தால்? சர்வர் சரியாக ஓடும், ஃபயர்வாலும் திறந்திருக்கும், ஆனால் குரோமில் பக்கம் வராது. ‘அன்சேஃப் போர்ட்’ என்று பிரவுசரே தடுத்துவிடும். வீட்டு ரவுட்டர்களை ஏமாற்றி உள்ளே நுழையும் ஒரு தாக்குதல் முறை வெளியானதும், 2021ல் குரோம் இந்த எண்ணைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 6000, 6667 ஆகியவை ஏற்கெனவே அதில் இருந்தன.

● பெரிய எண்ணாக இருந்தால் நல்லது என்று 45000 போல ஒன்றை எடுப்பதிலும் சிக்கல் உண்டு. லினக்ஸ் தானே வெளியே இணைப்பு எடுக்கும்போது, வழக்கமாக 32768 முதல் 60999 வரை உள்ள எண்களில் ஒன்றைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் மென்பொருள் ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அந்த எண் வேறு வேலையில் மாட்டியிருக்கலாம். எப்போதாவது ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழை என்பதால், கண்டுபிடிக்க ஒரு நாளே போய்விடும்.

● உங்கள் டொமைன் கிளவுட்ஃபிளேர் வழியாகப் போகிறதா? அது குறிப்பிட்ட சில போர்ட்களை மட்டுமே கடத்தும். 2083, 2087, 8443 அந்தப் பட்டியலில் உண்டு, 10000 இல்லை.

● சரி, மாற்றுவதால் பாதுகாப்பு கூடுகிறதா? 2013ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரு சாதாரண சர்வர், ஒரு கிகாபிட் இணைப்பு. இவற்றைக் கொண்டு ஐபிவி4 முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம் என்று காட்டினார்கள். டீஃபால்ட் எண்ணில் இருக்கும் சர்வர் அப்படிப்பட்ட ஒவ்வொரு தேடலிலும் சிக்கும். எண்ணை மாற்றினால் அந்தக் கூட்டம் குறையும், லாக் ஃபைல் சுத்தமாகும், உண்மையான ஆபத்து கண்ணில் படும். அது நல்ல பலன்தான். ஆனால் உங்களையே குறிவைத்து வருபவருக்கு, ஒரே முகவரியின் 65,535 எண்களையும் தட்டிப் பார்க்க அதிக நேரம் எடுக்காது.

● வெப்மின் 2019ல் தந்த பாடத்தை மறக்கவே கூடாது. அதன் பில்ட் சர்வருக்குள் 2018ல் யாரோ நுழைந்து மூல நிரலில் ஒரு பின்வாசலைச் சொருகியிருந்தது அந்த ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. 1.890 பதிப்பை அப்படியே நிறுவியிருந்தால், பாஸ்வேர்டு இல்லாமலே ரூட் அதிகாரம் பறிபோகும். 1.930ல்தான் முழுதாக நீக்கினார்கள். எண்ணை மாற்றி வைத்திருந்தவர்களுடைய சர்வரிலும் அந்த வாசல் திறந்தேதான் இருந்தது. தப்பித்திருக்கக்கூடியவர்கள், குறிப்பிட்ட ஐபி முகவரிகளுக்கு மட்டும் ஃபயர்வாலில் அனுமதி கொடுத்திருந்தவர்களே. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், எண்ணை விட்டுவிட்டு ஃபயர்வாலைக் கவனியுங்கள்.

● மாற்றுகிறவர்களுக்கு வரிசை முக்கியம். முதலில் புதிய எண் காலியா என்று பாருங்கள். அடுத்து ஃபயர்வாலில் அதைத் திறங்கள். கிளவுட் சர்வராக இருந்தால் அந்தச் சேவையின் பக்கத்தில் இருக்கும் தனி ஃபயர்வாலிலும் திறக்க வேண்டும். அதன் பிறகுதான் கன்ஃபிக், ரீஸ்டார்ட். எல்லாம் முடியும்வரை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பை மூடாதீர்கள். புதிய எண்ணில் உள்ளே போக முடிகிறது என்று வேறொரு ஜன்னலில் பார்த்த பிறகு, பழைய எண்ணுக்கான ஃபயர்வால் அனுமதியை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.