ரங்கூனில் தொலைந்த தெருவைக் கம்ப்யூட்டரில் தேடினேன்!

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய கடிதங்கள் இருக்கின்றனவா? அதில் எழுதியிருக்கும் தெரு இன்றைய மேப்பில் வரவில்லையா? கவலை வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும். எங்கள் வீட்டுக் கதையையே உதாரணமாகச் சொல்கிறேன்.

என் அப்பத்தா 1938-ல் ரங்கூனில் பிறந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் குடும்பம் சிவகங்கைப் பக்கம் உள்ள சொந்த ஊருக்கு வந்துவிட்டது. போர் முடிந்த பிறகு மறுபடி ரங்கூன் போய்க் கடை வைத்தார்கள். 1964-ல் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோது ஆயிரக்கணக்கான தமிழர்களோடு இவர்களும் கப்பல் ஏறினார்கள்.

"சண்டை முடிஞ்சு போனப்பவும் எங்கப்பா அதே வீட்டுலதான் கடை வச்சாரு" என்பார் அப்பத்தா. அப்பாவும் சித்தப்பாவும் நம்பவில்லை. காரணம், பெட்டியில் இருந்த இரண்டு காகிதங்கள். அப்பத்தா பிறந்த சேதியைச் சொல்லும் 1938-ம் ஆண்டுக் கடித உறையில் 'மொகல் தெரு' என்று இருந்தது. 1964-ம் ஆண்டுப் பயணத் தாளில் 'ஷ்வே பொந்தா தெரு' என்று இருந்தது. "வயசாச்சு, குழப்புறாங்க" என்று சொல்லிவிட்டார்கள். அப்பத்தாவும் நாளடைவில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். எனக்கு அதுதான் மனதை உறுத்தியது.

முதல் வேலை: ஸ்கேன்

கடித உறையில் கதவு எண் மீது தபால் முத்திரை விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. 600 டிபிஐ அளவில் கலரில் ஸ்கேன் செய்தேன். பழைய காகிதங்களைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யாதீர்கள். மையின் நிறமும் முத்திரையின் நிறமும் ஒன்றாகிவிடும். போட்டோ எடிட்டிங் சாப்ட்வேரில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியதும் எண் தெளிந்தது. பயணத் தாளில் இருந்த அதே எண்!

ஆனால் இது மட்டும் போதாது. இரண்டு தெருக்களில் ஒரே கதவு எண் இருக்கலாம் அல்லவா?

இரண்டாவது வேலை: பழைய பெயரில் தேடுங்கள்

மேப் வெப்சைட்டில் 'மொகல் தெரு' என்று கொடுத்தால் அது என்னை டெல்லிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. தவறு என்னுடையது. பழைய பெயரைப் பழைய புத்தகத்தில்தான் தேட வேண்டும். ஊர்ப் பெயருக்கும் இதே விதிதான். 1989-ல் ரங்கூன் யாங்கோன் ஆகிவிட்டது. பழைய நூல்களில் 'யாங்கோன்' என்று தேடினால் ஒன்றும் சிக்காது.

இதற்கு நான் பயன்படுத்தியது 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' வெப்சைட். 1996-ல் தொடங்கப்பட்டது. காப்புரிமை முடிந்த நூல்களை இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். சர்ச் பாக்ஸில் தலைப்பை மட்டும் தேடாமல், புத்தகத்தின் உள்ளே இருக்கும் எழுத்துகளிலும் தேடும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். ஜான் முர்ரே நிறுவனம் வெளியிட்ட இந்தியா, பர்மா, இலங்கைப் பயணக் கையேடு போன்ற நூல்களில் நகர வரைபடங்கள் இருக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் வெப்சைட்டிலும் பழைய வரைபடங்கள் நிறைய உண்டு.

தேடும்போது வேறு பல விஷயங்களும் கிடைக்கும். மொகல் தெரு செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்குப் பேர்போன இடம். 1931-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள்! 1948-ல் சுதந்திரம் கிடைத்த பிறகு பர்மியர்கள் ஆங்கிலேயர் காலத் தெருப் பெயர்களை மாற்றத் தொடங்கினார்கள். டல்ஹவுசி தெரு மகா பண்டுலா ஆனது. பிரேசர் தெரு அனோரதா ஆனது. அப்படியானால் மொகல் தெரு?

மூன்றாவது வேலை: வரைபடத்தின் மேல் வரைபடம்

இங்குதான் 'கூகுள் எர்த் புரோ' கை கொடுத்தது. ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த இந்த சாப்ட்வேர் 2015 முதல் இலவசம். செய்ய வேண்டியது இதுதான்:

1. பழைய வரைபடத்தைப் படப் பைலாக சேவ் செய்து கொள்ளுங்கள்.

2. கூகுள் எர்த்தில் அந்த ஊரைத் திரையில் கொண்டு வாருங்கள். 'ஆட்' மெனுவில் 'இமேஜ் ஓவர்லே' என்பதைக் கிளிக் செய்து, படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

3. படத்தைச் சுற்றிப் பச்சைக் கோடுகள் தெரியும். மூலைகளைப் பிடித்து இழுத்தால் அளவு மாறும். நடுவில் உள்ள கூட்டல் குறியைப் பிடித்தால் படம் நகரும். ஓரத்தில் உள்ள சாய்சதுரம் படத்தைத் திருப்பும்.

4. டிரான்ஸ்பரன்சி ஸ்லைடரை நகர்த்துங்கள். பழைய வரைபடம் கண்ணாடி போலாகி, இன்றைய ஊர் அடியில் தெரியும்.

5. பொருந்தியதும் 'கேஎம்இசட்' பைலாக சேவ் செய்யுங்கள்.

எதை வைத்துப் பொருத்துவது? இடம் மாறாத, உருவம் மாறாத அடையாளங்களை வைத்துத்தான். நான் முதலில் ரயில் நிலையத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வீணடித்தேன். பழைய நிலையம் போரில் அழிந்துவிட்டது. இப்போது இருப்பது 1954-ல் திறக்கப்பட்ட கட்டடம். பிறகு நகரின் நடுவே இருக்கும் சுலே பகோடாவைப் பிடித்தேன். ஆங்கிலேயர்கள் 1852 போருக்குப் பின் ரங்கூனைச் சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்களாக அமைத்தார்கள். அதனால் பகோடாவும் நேர்கோட்டுத் தெருக்களும் பொருந்தியவுடன் மற்றவை தாமாகப் பொருந்தின.

ஸ்லைடரை மெதுவாக நகர்த்தினேன். 'மொகல் தெரு' என்ற எழுத்துகள் மங்கின. அடியில் அதே கோட்டில் வந்து நின்றது ஷ்வே பொந்தா தெரு! தெரு தொலையவே இல்லை. பெயர்தான் தொலைந்திருக்கிறது. தெருவும் ஒன்று, கதவு எண்ணும் ஒன்று என்றால் வீடும் ஒன்றுதானே!

நான்காவது வேலை: சாட்சியைக் கேளுங்கள்

வரைபடத்தை பிரிண்ட் எடுத்து, எதுவும் சொல்லாமல் அப்பத்தாவிடம் கொடுத்தேன். "தெருவுக்குள்ள என்னென்ன இருந்துச்சு அப்பத்தா?" என்று கேட்டேன். "பெரிய பள்ளிவாசல் இருந்துச்சு ராசா. பாங்கு சத்தத்துலதான் நான் எந்திரிப்பேன். நேரா தெக்க நடந்தா ஆறு வந்துரும்" என்றார்.

இன்றைய மேப்பில் பார்த்தேன். ஷ்வே பொந்தா தெருவில் 19-ம் நூற்றாண்டைச் சேர்ந்த சூர்த்தி பள்ளிவாசல் இருக்கிறது. தெருவின் தென்கோடியில் ஸ்டிராண்ட் சாலை. அதைத் தாண்டினால் ஆறு!

அன்று இரவு அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் ஸ்லைடரை நகர்த்திக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அப்பா எழுந்து போய் அப்பத்தாவின் கட்டில் பக்கம் உட்கார்ந்து, "அந்தக் கடையில என்னம்மா வித்தாங்க?" என்று கேட்டார். அப்பத்தா பேசி முடிக்க மணி பதினொன்று ஆகிவிட்டது.

நீங்கள் முயற்சி செய்யும்போது இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். ஸ்கேன் செய்த பைல்களை ஹார்டு டிஸ்க்கோடு பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள். இன்னொன்று, தேடலைத் தொடங்கும் முன் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை போனில் ரெக்கார்ட் செய்து கொள்ளுங்கள். பழைய வரைபடம் இன்டர்நெட்டில் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். அதைப் படித்துச் சொல்கிறவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள்.