குதிரேமுக்: சுரங்கம் போனது, கூட்டம் வந்தது

வெள்ளிக்கிழமை இரவு ஆனேக்கல் தாலுகாவின் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கமிருந்து முதுகுப் பையோடு கிளம்பும் கம்ப்யூட்டர் இளைஞர்களில் பலருக்கு இலக்கு ஒன்றுதான்: சிக்மகளூர் மாவட்டத்தின் குதிரேமுக். குதிரையின் முகம் போன்ற சிகரம். உயரம் சுமார் 1,890 மீட்டர். முள்ளோடி கிராமத்திலிருந்து புல்வெளிகளையும் சோலைக்காடுகளையும் கடந்து உச்சிக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 20 கி.மீ. நடை.

இதே மலைத்தொடரில்தான் கால் நூற்றாண்டு காலம் இரும்புத் தாது வெட்டப்பட்டது. 1976ல் மத்திய அரசு தொடங்கிய குதிரேமுக் இரும்புத் தாது நிறுவனம், ஈரானை நம்பிப் பிறந்தது. 1979 புரட்சியில் அந்த வியாபாரம் கவிழ்ந்தது. வேறு நாடுகளைத் தேடிப் பிடித்து சுரங்கம் ஓடியது. தரம் குறைந்த தாதுவை அரைத்து, செறிவூட்டி, நீரில் கலந்து, 67 கி.மீ. குழாய் வழியே மங்களூருக்கு அனுப்பினார்கள். கழிவுச் சேறு லக்யா அணைக்குப் பின்னால் குவிந்தது.

சிக்கல் அங்கேதான். துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆகிய மூன்று நதிகளும் பிறக்கும் மலை இது. ஆண்டுக்கு 7,000 மி.மீ. வரை மழை கொட்டும். மழையோடு சுரங்க மண்ணும் பத்ராவில் இறங்கியது. சிங்கவால் குரங்குகளின் காட்டுக்கு 1987ல் தேசியப் பூங்கா அந்தஸ்து கிடைத்தும் வெட்டுவது நிற்கவில்லை. 1999ல் குத்தகை முடிந்த பிறகும் தற்காலிக அனுமதியில் வேலை நடந்தது.

முற்றுப்புள்ளி வைத்தது தமிழ்நாட்டில் முளைத்த ஒரு வழக்கு. கூடலூர்க் காடுகளுக்காக கோதவர்மன் திருமுல்பாடு 1995ல் தொடுத்த அந்த வழக்கில், முன்னாள் வன அதிகாரி கே.எம். சின்னப்பா குதிரேமுக் பிரச்னையைக் கொண்டுபோனார். 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. 2005 முடிவோடு சுரங்கம் நின்றது. அதை நம்பியிருந்த டவுன்ஷிப்பும் வெறிச்சோடியது.

இப்போது தலைவலி வேறு. நடக்க வருபவர்களின் நெரிசல் தாங்காமல் வனத்துறை ஆன்லைன் முன்பதிவும் எண்ணிக்கை வரம்பும் கொண்டுவந்தது.

நடைப்பயணிகளின் சொந்த தாலுகாவிலும் இதே கதை உண்டு. பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றி கல்குவாரிகள். 2016 வரைவு அறிவிக்கையில் 268.96 சதுர கி.மீ.யாக இருந்த பாதுகாப்பு வளையம், 2020 இறுதி அறிவிக்கையில் 168.84 ஆகச் சுருங்கியது. வளையத்துக்குள் புதிய குவாரிக்கு இடமில்லை. வெளியே விடப்பட்ட நூறு சதுர கி.மீ.க்கு அந்தக் காப்பு இல்லை. குதிரேமுக்கைப் பார்க்க ஓர் இரவுப் பயணம் போகிறவர்கள், வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.