நொதிய நிரோதிகளும் கணனியும்: புற்றுநோய் மருந்து தேடும் ஒரு நெறி

எமது உடற்கலங்களில் நிகழும் தாக்கங்களை விரைவுபடுத்துவன நொதியங்கள். பூட்டின் துவாரம் போல ஒவ்வொரு நொதியத்திலும் உயிர்ப்பு மையமொன்று உண்டு. அதனுட் பொருந்தவேண்டிய பொருளுக்குப் பதிலாக வேறொரு மூலக்கூறு அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளின் நொதியத்தின் தொழில் தடைப்படும். அத்தகைய மூலக்கூற்றை நிரோதி என்பர்.

நாட்பட்ட மைலோயிட் வெண்குருதிப் புற்றுநோயை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறுவதால், ஓயாது தொழிற்படும் கைனேசு நொதியமொன்று அந்நோயில் தோன்றுகின்றது. அதனைத் தடுக்கும் இமாற்றினிப் 2001இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆயின், சில நோயாளரில் நொதியத்தின் 315ஆம் இடத்துத் திரெயோனீன் ஐசோலியூசீனாக மாறியது. மருந்தைப் பிணித்திருந்த ஐதரசன் பிணைப்பு அற்றது. பருத்த ஐசோலியூசீன் வழியையும் அடைத்தது. இத்தடையை விலகிச் செல்லுமாறு, காபன் மும்மைப் பிணைப்பை இணைப்பாக வைத்து வடிவமைக்கப்பட்ட பொனாற்றினிப் 2012இல் அங்கீகாரம் பெற்றது.

இவ்வாறான வடிவமைப்புக்குப் புரதத்தின் முப்பரிமாணக் கட்டமைப்புத் தேவை. அத்தகைய கட்டமைப்புகளைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கி 1971இல் தோன்றியது. கட்டமைப்பொன்று நம்பத்தக்கதா என ஆராய்வோர் இன்றும் நாடுவது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் 1963இல் வெளியிட்ட கோண வரைபையே. மூலக்கூறுகளைக் குழியிற் பொருத்திப் பார்க்கும் கணனி நெறியைக் கலிபோர்னியாவில் குண்ட்சு குழுவினர் 1982இல் வெளியிட்டனர். பல்லாயிரம் மூலக்கூறுகளைக் கணனி ஒவ்வொன்றாகப் பொருத்தி, பிணைப்பின் வலிமையை மதிப்பிட்டு வரிசைப்படுத்தும்.

எனினும், அவ்வரிசையில் முதலிடம் பெற்றதெல்லாம் மருந்தாகிவிடாது. நீரின் பங்கும் புரதத்தின் அசைவும் அம்மதிப்பீட்டில் முழுமையாக அடங்குவதில்லை. குழியிற் பொருந்துவது உடலுக்குத் தீங்கற்றது என்றும் கொள்ளலாகாது. குருதிக்குழாய் அடைப்புகள் காரணமாகப் பொனாற்றினிப்பின் விற்பனை 2013இல் அமெரிக்காவிற் சிறிது காலம் நிறுத்தப்பட்டு, பின்னர் கட்டுப்பாடுகளுடன் மீண்டமை இதற்குச் சான்று.

எமது முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணியே வின்கிறித்தீன் என்னும் புற்றுநோய் மருந்தை உலகுக்கு அளித்தது. ஆதலின், குடாநாட்டு மூலிகைகளின் சேர்வைகளைக் கணனியில் ஆராய்தல் எமக்கு இயலும், தகும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆனால் கணனி தெரிந்தெடுப்பது ஆய்வுகூடத்திலும், விலங்குகளிலும், ஈற்றில் மனிதரிலும் சோதிக்கப்படல் வேண்டும். அதற்கு முன் ‘மருந்து கண்டோம்’ எனப் பறைசாற்றின், அதனை நம்பித் தெல்லிப்பழை மருத்துவமனையிற் பெறும் சிகிச்சையை நோயாளர் கைவிடவுங்கூடும். கணனி தருவது சோதனைக்குரிய பெயர்ப்பட்டியலே; நோயாளருக்குரிய மருந்துச்சீட்டு அன்று.