பேலூர் எப்போது தொலைந்தது?

செம்மண் பாதையில் ஜீப் வழுக்கி வழுக்கி ஏறுகிறது. சேற்றில் சிக்கினால், முன்பக்கக் கம்பிவடத்தை ஒரு மரத்தில் சுற்றி வண்டியை இழுக்க வேண்டும். மேட்டைத் தாண்டினால் பச்சை மலைகள், அருவிகள், பாதி இடிந்த கோட்டைகள். ஓட்டுபவள் க்ளோயி ஃப்ரேஸர். பாதி இந்தியப் பெண், பாதி ஆஸ்திரேலியப் பெண், முழுநேரப் புதையல் வேட்டைக்காரி. இடம் மேற்குத் தொடர்ச்சி மலை. கடிவாளம் மட்டும் பெங்களூரில் ஒரு மூன்றாவது மாடி வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் கையில்.

நாற்பதைத் தொட்டுவிட்ட அந்த ரசிகர், கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் ஹாசன் மாவட்டம். ‘அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகஸி’ என்ற இந்த வீடியோ கேமை 2017-ல் வெளிவந்த வாரமே வாங்கியவர். அதற்குப் பிறகு எத்தனை முறை ஆடினார் என்பதை மனைவிக்குச் சொன்னதில்லை. அவருடைய தீர்ப்பு இரண்டு வாக்கியம்: இந்த வரிசையில் அவருக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதிகம் கோபப்பட வைத்ததும் இதுதான்.

வரிசையின் கதை எளிது. கலிபோர்னியாவைச் சேர்ந்த நாட்டி டாக் நிறுவனம் 2007-ல் ஆரம்பித்து வைத்தது. நாயகன் நேதன் டிரேக். அழிந்துபோன நகரம் ஒன்றைத் தேடிச் சுவர் ஏறுவான், சுடுவான், புதிர் அவிழ்ப்பான். எல் டொராடோ, ஷம்பாலா, இரம், கடற்கொள்ளையரின் லிபர்டேலியா என்று பட்டியல் நீண்டது. 2016-ல் வந்த நான்காவது பாகத்தோடு டிரேக்குக்கு விடை கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஓர் இணைப்பாகத் தொடங்கிய வேலை வளர்ந்து வளர்ந்து தனி விளையாட்டாகவே ஆனது. அதில் டிரேக் இல்லை. 2009-லேயே துணைப் பாத்திரமாக வந்துபோன க்ளோயியும், தென்னாப்பிரிக்கக் கூலிப்படைத் தலைவி நாடின் ராஸும்தான் கதாநாயகிகள். தேடுவது ஹொய்சளர் காலத்து விநாயகர் தந்தம். அதற்குப் போட்டியாக அசாவ் என்ற கலகக்காரனும் அவன் படையும்.

ரசிகருக்கு இந்தியா திரையில் தெரிவது புதிதல்ல. 1998-ல் வந்த ‘டூம்ப் ரைடர் 3’ இந்தியக் காட்டில்தான் தொடங்கும். ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்தவர் அவர். அந்த இந்தியாவில் இருந்தவை குரங்கு, புலி, நாகம். போதாததற்குப் பல கைகளில் வாளேந்திய சிவன் சிலைகள் உயிர்பெற்று வரும்; லாரா கிராஃப்ட் அவற்றைச் சுட்டுத் தள்ளுவாள். பையன்கள் கைதட்டினார்கள். பாட்டி எழுந்து போய்விட்டார்.

அதோடு ஒப்பிட்டால் 2017-ன் இந்தியா எவ்வளவோ மேல். ஜீப்பை எந்தக் கோட்டைக்கு முதலில் விடுவது என்பது ஆடுபவரின் இஷ்டம். நின்று குரங்கைப் படம் பிடிக்கலாம். பரசுராமர் வீசியது தன் தந்தையின் கோடரி என்பதால் விநாயகர் அதைத் தந்தத்தில் தாங்கிக்கொண்ட கதையை க்ளோயி நாடினுக்குச் சொல்கிறாள். இங்கே சாமி எதிரி அல்ல. கோடரியை வைத்து ஒரு புதிரும் உண்டு. கடைசியில் கிடைத்த புதையல் இந்தியக் கலாசார அமைச்சகத்துக்குப் போகப்போகிறது என்று பேச்சு வரும்போது மட்டும் ரசிகர் சிரித்துவிடுகிறார். அலுவலகப் படிகளில் அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கோபம்? வழி ஹளேபீடு, பேலூர் என்று போகிறது. இரண்டும் காட்டுக்குள், அருவிகளுக்கு நடுவே, மனிதக் கண் படாமல் நூற்றாண்டுகள் கிடந்த நகரங்கள். மலையளவு விநாயகர்கள், சிவன்கள். ரசிகரின் பள்ளிக்கூடம் வருடாவருடம் சுற்றுலா போன இடங்கள் இவை. இரண்டுக்கும் இடையே சுமார் 16 கிலோமீட்டர். டவுன் பஸ் ஓடுகிறது. பேலூர் சென்னகேசவர் கோயில் 1117-ல் விஷ்ணுவர்தன் காலத்தில் எழுந்தது. இன்றும் அங்கே பூஜை நடக்கிறது. துவாரசமுத்திரம் என்ற பழைய ஹளேபீடு 1311-ல் மாலிக் காஃபூர் படையிடம் அடிபட்டது உண்மை. ஆனால் தொலையவில்லை. தமிழகமும் அந்த அரசுக்கு அந்நியமல்ல. சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் 13-ம் நூற்றாண்டில் ஹொய்சளர்களுக்கு இன்னொரு தலைநகரே இருந்தது. பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரக் கோயில்களை யுனெஸ்கோ 2023-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு பிழை அவரை அதிகம் உறுத்துகிறது. அது அளவு. ஹொய்சளச் சிற்பி பிரம்மாண்டத்தை நம்பியவன் அல்ல. அவன் எடுத்துக்கொண்டது மாக்கல். வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப்பட்டு இறுகும். அதனால்தான் தந்தத்தில் செய்வதைக் கல்லில் செய்ய முடிந்தது. ஹளேபீட்டுச் சுவரின் அடிவரிசையில் யானைகள், அதன்மேல் சிங்கங்கள், கொடிகள், குதிரைவீரர்கள், இன்னும் மேலே இராமாயண, பாரதக் காட்சிகள். குனிந்து, மூக்கு படும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டிய வேலை. இரண்டு கோயிலிலும் இன்று சிகரம்கூட இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பவர் ஏமாந்துபோவார். பேருருவம் வேண்டுமென்றால் அதே மாவட்டத்தில் சிரவணபெளகொளாவில் 57 அடி கோமடேசுவரர் நிற்கிறார். ஆனால் அவர் சமணர். பத்தாம் நூற்றாண்டில் கங்க மன்னரின் அமைச்சர் சாமுண்டராயர் எழுப்பியது. விளையாட்டுக்காரர்கள் நகையைப் பார்த்துவிட்டு மலையைச் செய்திருக்கிறார்கள் என்பது ரசிகரின் வழக்கு.

குரல் பற்றியும் புகார் உண்டு. க்ளோயிக்குக் குரல் கொடுத்தவர் ஆஸ்திரேலிய நடிகை க்ளாடியா பிளாக். கறுப்பினத்தவளான நாடினுக்கு வெள்ளை அமெரிக்கரான லாரா பெய்லி. 2016-லேயே இது சர்ச்சையானது. க்ளாடியாவின் குரல் இல்லாமல் க்ளோயியை நினைக்க முடியவில்லை என்பதையும் ரசிகர் ஒப்புக்கொள்கிறார்.

இதற்கு நடுவில் அவருக்கே ஒரு சங்கடம். 2009-ல் இமயமலையில் ஷம்பாலா இடிந்து விழுந்தபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. 2011-ல் டிரேக் யேமனின் பழைய நகரத்தில் சுட்டுக்கொண்டு ஓடியபோது, சந்துகளின் அழகை நண்பர்களிடம் வர்ணித்தார். அந்தச் சந்தில் பிறந்த ஒருவர் அதே விளையாட்டை ஆடியிருந்தால், அவர் கையிலும் இதேபோல ஒரு குறைப்பட்டியல் இருந்திருக்கும். அடுத்தவர் ஊர் என்றால் கற்பனை, தன் ஊர் என்றால் பிழை. இதை அவர் யாரும் கேட்காமலே சொல்கிறார்.

ஆனாலும் அந்த யானை. இடிபாட்டில் மாட்டிக்கொண்ட ஒரு யானையை இரு பெண்களும் விடுவித்து, அதன் முதுகிலேயே ஏறிப் போகும் இடம் ஒன்று வருகிறது. சண்டை இல்லை, புதிர் இல்லை. அதன் முரட்டுத் தோலைத் தடவிக்கொடுக்கலாம், அவ்வளவுதான். ஹளேபீட்டு அடிவரிசையிலிருந்து ஒன்று இறங்கி நடந்ததுபோல இருக்கும் என்கிறார். அந்தக் கட்டத்தை மட்டும் தனியாக எடுத்துத் திரும்பத் திரும்ப ஆடுகிறார்.

2025 டிசம்பரில் புதிய ‘டூம்ப் ரைடர்’ ஒன்று அறிவிக்கப்பட்டது. களம் வட இந்தியா. லாரா மறுபடி வருகிறாள். முதல் நாளே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார். குறைப்பட்டியலுக்கு ஒரு நோட்டும் தயார்.